நீராவி என்ஜின்களின் வழவழப்பான வெளிக்கூடு: வேகத்திற்காகவா, விளம்பரத்திற்காகவா?

கேள்வி இதுதான்: 1930களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடிய பயணிகள் நீராவி என்ஜின்கள் சிலவற்றுக்கு, புகைபோக்கியும் குழாய்களும் வெளியே தெரியாதபடி வழவழப்பான உலோகக் கூடு போர்த்தினார்களே, அதனால் வேகம் உண்மையிலேயே கூடியதா?

சில என்ஜின்களுக்குக் கூடியது. பலவற்றுக்கு அது ஓடும் விளம்பரப் பலகையாக மட்டுமே இருந்தது. பாலிடெக்னிக் ஒன்றில் பல ஆண்டுகள் வெப்பப் பொறியியல் நடத்தியவன் என்ற முறையிலும், என்ஜின் புகையைச் சுவாசித்து வளர்ந்த ஜோலார்பேட்டைக்காரன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை 120 கி.மீ. வேகத்திற்குக் கொண்டுபோனால், காற்றோடு மல்லுக்கட்டுவதற்கு மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆகவே 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு இந்தக் கூடு வெறும் பாரம், 150 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்கில் ஓட வேண்டிய வண்டிக்கு அதுவே கரிச் சிக்கனம். ஒரு குறிப்பிட்ட என்ஜினின் கூடு பயன்பட்டதா என்று கேட்பவர், அந்த என்ஜின் அன்றாடம் என்ன வேகத்தில் ஓடியது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்த மோகம் 1930களில் ஏன் எழுந்தது என்பதற்கு விடை நீராவியில் இல்லை, டீசலில் இருக்கிறது. பொருளாதார மந்தமும் மோட்டார் காரும் சேர்ந்து ரயில் பயணிகளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1933இல் ஜெர்மனியின் ‘ஃபிளிகெண்டர் ஹாம்பர்கர்’ என்ற டீசல் வண்டி பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே மணிக்குச் சராசரியாக 124 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ‘செஃபிர்’ வண்டி, டென்வரிலிருந்து சிகாகோ வரையிலான ஆயிரத்துச் சொச்சம் மைல் தூரத்தைப் பதின்மூன்று மணி நேரம் ஐந்து நிமிடத்தில் கடந்தது. நீராவியின் காலம் முடிந்துவிட்டதோ என்ற ஐயம் பொதுமக்களுக்கே வந்துவிட்டது.

பிரிட்டனின் எல்.என்.இ.ஆர். ரயில் நிறுவனத்தின் தலைமை இயந்திரப் பொறியாளர் நைஜெல் கிரெஸ்லி அந்த ஜெர்மன் வண்டியை நேரில் பார்த்து வந்தவர். லண்டன்–நியூகாஸில் தடத்திற்கு அதுபோன்ற டீசல் வண்டி வாங்கினால் எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்ததில், தம்மிடமிருந்த நீராவி என்ஜினே அதைவிட விரைவாகவும் கூடுதல் பெட்டிகளோடும் போகும் என்று அவருக்குத் தோன்றியது. 1935 மார்ச்சில் ‘பாப்பிரஸ்’ என்ற கூடு இல்லாத பழைய வகை என்ஜின் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 108 மைல், அதாவது சுமார் 174 கி.மீ. வேகத்தைத் தொட்டது. கூடு போடாமலே இந்த வேகம் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் டான்காஸ்டர் தொழிற்சாலையிலிருந்து ‘சில்வர் லிங்க்’ வெளிவந்தது. ஏ4 என்ற வகையின் முதல் என்ஜின் அது. ஆப்பு போலச் சரிந்த முகத்தைக் கிரெஸ்லி பிரான்சின் புகாட்டி ரயில் காரிலிருந்து எடுத்துக்கொண்டார். மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தும் சோதித்தார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி பத்திரிகையாளர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் அது மணிக்கு 112.5 மைல் வேகத்தை இரண்டு முறை எட்டியது. மூன்று நாள் கழித்துத் தொடங்கிய ‘சில்வர் ஜூபிலி’ வண்டி, 268 மைல் தொலைவிலுள்ள நியூகாஸிலுக்கு நான்கே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கிரெஸ்லி வெளியே காற்றுக்கு வழிவிட்டது போலவே, உள்ளே நீராவிக்கும் வழிவிட்டார். கொதிகலனிலிருந்து சிலிண்டருக்கும், அங்கிருந்து புகைபோக்கிக்கும் நீராவி போகும் பாதையில் முடுக்குகளும் நெரிசலும் இருந்தால், அழுத்தம் வழியிலேயே வீணாகிவிடும். பிரான்சின் என்ஜின் பொறியாளர் ஆந்த்ரே ஷாப்லோன் காட்டிய முறையில் அந்தப் பாதைகளை வழுவழுப்பாக்கி அகலப்படுத்தியதுடன், கொதிகலன் அழுத்தத்தையும் முந்தைய வகையின், சதுர அங்குலத்திற்கு 220 பவுண்டிலிருந்து 250 பவுண்டாக உயர்த்தினார். வேகத்தில் பெரும்பங்கு இதற்கே உரியது என்பது என் கருத்து. ஆனால் ரயில் நிலையத்தில் நிற்கும் பயணிக்கு நீராவிக் குழாயின் வளைவு தெரியாது. வெள்ளிச் சாம்பல் நிறக் கூடுதான் தெரியும்.

கூட்டினால் இன்னொரு நடைமுறைப் பயனும் கிடைத்தது. வேகமாக ஓடும் என்ஜினில் புகை கீழே படிந்து ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். ஆப்பு முகம் காற்றை மேலே தள்ளியதால் புகையும் மேலே எழும்பியது. சோதனையின்போது களிமண் மாதிரியில் புகைபோக்கிக்குப் பின்னால் யாரோ ஒருவரின் கட்டைவிரல் தற்செயலாக அழுந்திப் பள்ளமாகிவிட, அதன் பிறகே புகை ஒழுங்காக எழும்பியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தப் பள்ளம் என்ஜினில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் ‘மல்லார்ட்’ என்ஜினின் முன்னால் நின்றபோது இதையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். முகத்தின் குறுக்கே ஒரு பிளவுக் கோடு தெரியும்; கைப்பிடியைச் சுழற்றினால் முகம் மேல்தாடை, கீழ்த்தாடையாகப் பிளந்து, உள்ளே புகைப்பெட்டியின் வழக்கமான வட்டக் கதவு வெளிப்படும். மீன் வாயைத் திறப்பது போன்ற ஏற்பாடு. கூடு எவ்வளவு பகட்டாக இருந்தாலும் தினமும் சாம்பலை வாரியாக வேண்டுமே!

அந்த மல்லார்ட்தான் 1938 ஜூலை 3ஆம் தேதி ஸ்டோக் சரிவில் இறங்கும்போது மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கி.மீ. வேகத்தைத் தொட்டு, நீராவி என்ஜின்களில் இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்தது. ஓட்டுநர் ஜோ டடிங்டன், ஃபயர்மேன் டாமி பிரே. பின்னால் ஏழு பெட்டிகள், சுமார் 240 டன். பிரேக் சோதனை என்ற பெயரில்தான் அன்று வண்டி புறப்பட்டது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள் நொடிக்கு எட்டு முறைக்கு மேல் சுழன்றிருக்கின்றன. அத்தனை முறையும் பிஸ்டன்கள் போய்த் திரும்பியிருக்கின்றன. நடுச் சிலிண்டரின் இணைப்புத் தண்டுத் தாங்கி (பேரிங்) சூடேறி உருகியதால், வண்டி பீட்டர்பரோ வரை மெதுவாக ஊர்ந்து வந்தது. அங்கிருந்து லண்டனுக்கு இழுத்துப்போக வேறு பழைய என்ஜின் ஒன்றைப் பூட்ட வேண்டியதாயிற்று.

ஜெர்மானியர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். போர்சிக் நிறுவனம் கட்டிய 05 002 என்ற என்ஜின், 1936 மே 11 அன்று பெர்லின்–ஹாம்பர்க் தடத்தில் மணிக்கு 200.4 கி.மீ. வேகத்தை எட்டியது. அது ஏறக்குறைய சமதளத்தில். மல்லார்ட் ஓடியதோ இறக்கத்தில். பொறியியல் கண்ணால் பார்த்தால் நான் ஜெர்மன் ஓட்டத்தையே ஒரு படி மேலே வைப்பேன். இதைச் சொன்னதற்காக யார்க்கில் என் அருகே நின்ற ஒரு பெரியவர் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

அமெரிக்காவில் நிலைமை கலவையானது. 1934 டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் நிறுவனம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த என்ஜின் ஒன்றின் மேல் கூடு மாட்டி ‘கமோடோர் வாண்டர்பில்ட்’ என்று பெயர் சூட்டியது. பின்னர் ஹென்றி டிரேஃபஸ், ரேமண்ட் லோவி போன்ற தொழில் வடிவமைப்பாளர்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். டிரேஃபஸ் வடிவமைத்த ‘மெர்க்குரி’ வண்டியின் என்ஜினில், இரவில் சக்கரங்கள் சுழல்வது தெரியும்படி விளக்குகள் பொருத்தியிருந்தார்கள். காற்றுத் தடைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதற்கு நேர்மாறாக, மில்வாக்கி ரோடு நிறுவனம் 1935இல் ‘ஹயவாதா’ வண்டிக்காக வாங்கிய என்ஜின்கள், நாள்தோறும் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்கென்றே தொடக்கத்திலிருந்து வரையப்பட்டவை. கரி ஏற்ற வழியில் நிற்க வேண்டாம் என்று அவற்றுக்கு எண்ணெய் எரிபொருளைத் தந்தார்கள். என் கணக்கில் கூட்டுக்கு முழுத் தகுதி பெற்றவை இவையே. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் உடைத்துவிட்டார்கள்.

கூட்டின் பகை பராமரிப்பு. நீராவி என்ஜின் என்பது ஒவ்வொரு நாளும் எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் சுற்றிவந்து, ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டிய இயந்திரம். சக்கரங்களையும் அவற்றைச் சுழற்றும் ராடுகளையும் தகடு மறைத்துக்கொண்டால் ஷெட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, ஏ4 என்ஜின்களில் சக்கரங்களின் மேலிருந்த பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள், மறுபடி மாட்டவில்லை. போட்டி நிறுவனமான எல்.எம்.எஸ்.ஸின் ‘காரனேஷன்’ வகைக்கு 1946 முதல் முழுக் கூட்டையுமே உரித்தார்கள். ஜெர்மன் 05 வகைக்கும் போருக்குப் பின் அதே கதிதான். இதை முன்கூட்டியே உணர்ந்து செய்தவர்கள் அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்தார்: 1941 முதல் 1950 வரை ரோனோக் நகரில் கட்டிய பதினான்கு ஜே வகை என்ஜின்களுக்கு, அழகான கூட்டோடு உருளைத் தாங்கிகளையும் தானியங்கி எண்ணெய் அமைப்பையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவற்றில் 611 எண் என்ஜின் இன்னமும் இருக்கிறது.

நம் ஊருக்கு இந்தக் கதை 1947இல், ஒரு மூக்கின் வடிவில் வந்தது. அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து முதலில் வந்து, பிறகு நம் நாட்டின் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலும் கட்டப்பட்ட டபிள்யூ.பி. வகை அகலப்பாதை என்ஜின்கள் மொத்தம் 755. முன்புறம் துப்பாக்கிக் குண்டு போன்ற கூம்பு, அதன் நடுவில் விளக்கு, விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள். மற்றபடி உடம்பு முழுவதும் சாதாரண என்ஜின்தான். மணிக்கு நூறு கி.மீ. சுமாரில் ஓடிய வண்டிக்கு அந்தக் கூம்பு காற்றில் எதையும் பெரிதாகச் சேமித்துக் கொடுத்திருக்காது.

என் தாய்மாமா ஃபயர்மேனாக இருந்தவர். சிறுவனாக இருந்தபோது, “இந்த மூக்கு எதுக்கு மாமா?” என்று கேட்டிருக்கிறேன். “கரி அள்ளிப் போடுறவனுக்கு மூக்கு ஏது மாப்ளே, அது பிளாட்பாரத்துல நிக்கிறவங்களுக்கு” என்றார். ஆனாலும் ஷெட்டில் என்ஜின் துடைக்க வரும் பையன்கள், எண்ணெயில் நனைத்த கந்தலை எடுத்ததும் முதலில் ஏறித் துடைப்பது அந்த நட்சத்திரத்தைத்தான். ராடுகளுக்கு அப்புறம்தான் வருவார்கள்.