கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை லாரியில்: போகலாமா?

கேட்ட கேள்வி இது: "தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே என்று நாலு நாடுகளைத் தரைவழியாகக் குழுவோடு சுற்றும் பயணத்துக்குத் தோழி கூப்பிடுகிறாள். விளம்பரத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. உண்மையில் எப்படி இருக்கும்?"

2019 ஜூலையில் இதே தடத்தில் போய்வந்தேன். அப்போது எனக்கு 46 வயது, துணைக்கு யாரும் இல்லை. கேப் டவுனில் ஏறி, இருபதாம் நாள் விக்டோரியா அருவியில் இறங்கினேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பார்த்ததைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜன்னல் ஓரம் எட்டு மணி நேரம் சும்மா உட்காரப் பிடிக்காதவர்களுக்கு இது சரிப்படாது.

விளம்பரத்தில் 'டிரக்' என்று போட்டிருப்பார்கள். லாரியேதான். லாரி சேஸிஸ் மேல் பஸ் மாதிரி பாடி கட்டியிருக்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி, கூடாரங்கள் எல்லாம் அடுக்கியிருக்கும். உங்கள் பை வைக்க உள்ளே ஒரு சின்னப் பெட்டி தருவார்கள். அதில் துணிப்பைதான் நுழையும், சக்கரம் வைத்த சூட்கேஸ் நுழையாது. ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டி ஒருவர். வழிகாட்டியே சமையலும் செய்வார். மற்ற வேலையெல்லாம் நாம்தான். கூடாரம் அடிப்பது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, வண்டி பெருக்குவது என்று முறை போட்டுவிடுவார்கள். கழுவிய தட்டைத் துடைக்கத் துணி கிடையாது, துணியில் கிருமி சேருமாம். ஆளுக்கு நாலு தட்டைப் பிடித்துக்கொண்டு ஈரம் போகும்வரை காற்றில் விசிற வேண்டும். 'ஃபிளாப்பிங்' என்பார்கள். பதினெட்டுப் பேர் பொட்டல்காட்டில் நின்று கோழி சிறகடிப்பதுபோல் தட்டு விசிறுவதை எங்கள் வீட்டில் யாராவது பார்த்திருந்தால் என்னைத் திரும்ப வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

நம்மூர் டூர்க்காரர்கள் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் காசியில் சாம்பார் ஊற்றுவார்களே, அதை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நான் சைவம். பூசணி, உருளை, பீன்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி என்று ஓட்டினேன். 'பாப்' என்று மக்காச்சோள மாவில் களி கிண்டுவார்கள். நம் களியைப் போலவே கையால் பிட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கொண்டுபோன பூண்டு ஊறுகாய் அதற்குப் பிரமாதமாகச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் பாட்டிலை மற்றவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

நமீபியாவில் தார் ரோட்டைவிடச் சரளை ரோடுதான் அதிகம், பல் கிட்டிப்போகும் அளவுக்கு உதறும். சாலிடேர் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை கட். ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேக்கரி, மணலில் துருப்பிடித்து நிற்கும் பழைய கார்கள், அவ்வளவுதான். ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அந்த பேக்கரியின் ஆப்பிள் பை பேர்போனது, எனக்கு இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. அன்று மாலை பார்க்க வேண்டியது எதுவோ தவறிவிட்டது. என்னவென்று இப்போது நினைவில்லை.

அதற்கு முந்தைய நாள் காலை இருட்டோடு எழுப்பி 'டியூன் 45' ஏற்றினார்கள். நமீப் பாலைவனப் பூங்காவின் செஸ்ரியம் வாசலிலிருந்து 45ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் அந்த மணல்மேட்டுக்கு அந்தப் பெயர். ஏற ஏறக் கால் சறுக்கும். அங்கிருந்து டெட்விலேய். வெள்ளைக் களிமண் தரையில் கறுத்த மரங்கள் நிற்கும். செத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மக்குவதற்குக்கூட அங்கே ஈரம் இல்லை. நம் கருவேலமரத்தின் இனம்தான் அவை. புகைப்படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

நமீபியாவின் எடோஷா வனவிலங்குப் பூங்காவில் ஒகாக்குவேயோ முகாம். எனக்கு இந்தப் பயணமே அந்த இடத்துக்காகத்தான் என்று தோன்றிவிட்டது. முகாமின் ஓரத்தில் ஒரு தாழ்ந்த சுவர், அந்தப் பக்கம் தண்ணீர்க்குட்டை, இரவெல்லாம் எரியும் விளக்கு. சுவரோரம் பெஞ்சுகள். இரவு ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஐம்பது பேர் இருப்பார்கள், தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு. முதலில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. தண்ணீர்க் கரைக்கு வர இருபது நிமிடம் யோசித்தது. முன்னங்கால்களை அகட்டிக் குனிந்து குடித்தால் ஓட முடியாது என்று அதற்குத் தெரியும். அப்புறம் ஒரு கறுப்புக் காண்டாமிருகம், பின்னால் குட்டி. குடிக்கும் சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. பனிரெண்டரைக்கு எழுந்து வந்தேன். கூடாரத்தில் என்னோடு தங்கிய கொரியப் பெண், யானைக் கூட்டம் வருகிறது என்று இரண்டு மணிக்குத் திரும்ப எழுப்பிக் கூட்டிப்போனாள். விடிந்து பார்த்தால் வெளியே விட்டிருந்த என் செருப்பில் ஒன்றைக் காணோம். நரிகள் முகாமுக்குள் சுற்றும், செருப்பை உள்ளே வையுங்கள் என்று வழிகாட்டி முன்னாலேயே சொல்லியிருந்தார்.

இன்னும் இரண்டு இரவு அங்கேயே இருந்திருப்பேன். முடியாது. ஆறரைக்கு வண்டி கிளம்பும் என்றால் கிளம்பும். குழுப் பயணத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம் இது ஒன்றுதான்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ வேறு மாதிரி. அங்கோலாவின் மேட்டில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்து, இங்கே மழையே இல்லாத குளிர்காலத்தில் வெள்ளமாக வந்து சேர்கிறது. கடலைத் தொடாமல் மணலிலேயே வற்றிவிடும் ஆறு. 'மொகோரோ' என்ற ஒடுக்கமான ஓடத்தில் ஒருவர் நின்று கழியால் தள்ள, நாணல் நடுவே போய்க் காட்டுக்குள் இரண்டு இரவு தங்கினோம். கழிப்பறை என்பது ஒரு குழி. மரத்தடியில் மண்வெட்டி சாய்ந்திருந்தால் நீங்கள் போகலாம், காணோமென்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இது ஒத்துவராதவர்கள் அறைகளில் தங்கும் வகையைப் பதிவு செய்யுங்கள். தடம் ஒன்றுதான், காசு கூட.

இனி நம் ஆட்கள் யாரும் எழுதாத விஷயம், பாஸ்போர்ட். எங்கள் வண்டியில் ஜெர்மன், ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் எல்லாரும் எல்லையில் இறங்கி முத்திரை வாங்கி ஏறிவிடுவார்கள். நான் மட்டும் டெல்லித் தூதரகங்களுக்கு முன்னாலேயே விண்ணப்பித்து வாங்கிய விசாக்கள், திரும்பும் டிக்கெட், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு எல்லைச் சாவடியில் என் விசாவை மேலதிகாரி வந்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பதினேழு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்களே என்று கூனிக்குறுகி வெளியே வந்தால், வண்டி நிழலில் மேசை போட்டு எல்லாரும் சாலட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று இருந்தால் மதியச் சாப்பாட்டை எல்லையிலேயே வைத்துவிடுவேன் அம்மா. தட்டை எடுத்துக்கோங்க" என்றார் வழிகாட்டி. அவர் ஜிம்பாப்வேக்காரர், எல்லையில் நிற்பது அவருக்கும் பழக்கம். தனியாகப் போயிருந்தால் அன்று அழுதிருப்பேன்.

ஆகவே விசா வேலையை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, என் 2019 கதையை நம்பிக் கிளம்பாதீர்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்க ராண்டை நமீபியாவில் அப்படியே செலவழிக்கலாம். ஆனால் மீந்த நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் வாங்க மாட்டார்கள், நமீபியாவிலேயே தீர்த்துவிடுங்கள். போட்ஸ்வானாவில் வழியில் இறக்கி, மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்து ஏறச் சொல்வார்கள். மாட்டுக் கோமாரி பரவாமல் இருக்க. குளிர்பெட்டியில் இறைச்சி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

செலவு எனக்கு விமானத்தோடு மூன்று லட்சத்தைத் தாண்டியது. இணையத்தில் போட்ட விலையோடு முடியாது. உள்ளூர்ச் செலவு என்று ஒரு தொகையை முதல் நாள் டாலர் நோட்டாக வழிகாட்டியிடம் கட்டச் சொல்லலாம். நமீபியக் கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டில் விமானத்திலிருந்து குதிப்பது, மணலில் சறுக்குவது எல்லாம் தனிக் காசு. நான் கடற்கரையில் நடந்தேன், இலவசம். தனியாகப் போகும் பெண்களை இன்னொரு பெண்ணோடு ஒரே கூடாரத்தில் போடுவார்கள். தனிக் கூடாரம் கேட்டால் கூடுதல் கட்டணம்.

தோழியோடு போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஜூலை என்றால் பாலைவனத்தில் இரவு உறைபனி அளவுக்கு இறங்கும், நல்ல தூங்குபை வேண்டும். தலையணையும் எடுத்துப் போங்கள், அவர்கள் தர மாட்டார்கள். நான் எடுத்துப் போகாமல் பத்தொன்பது இரவும் ஜெர்கினைச் சுருட்டித் தலைக்கு வைத்தேன். அதில் ஜிப் இருந்தது.