நம்மைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் எந்த விஷயமும் என் காதுக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். ஏன் என்று கேட்டால் கணவர் எழுந்து போய்விடுவார். போன வருடம் இருவருமாக ஓர் ஆலோசகரிடம் போனோம். வேறு மொழி, வேறு பின்னணி. அரை மணி நேரத்திலேயே, "இவர் இன்னும் அம்மா பிள்ளையாகவே இருக்கிறார், தனிக்குடித்தனம் போனால்தான் சரிவரும்" என்று சொல்லிவிட்டார். கணவருக்கு அன்றே மனம் விட்டுப்போனது. அப்புறம் நம் ஆளாகப் பார்த்து இன்னொருவரிடம் போனோம். "பெரியவங்க அப்படித்தான் இருப்பாங்க, நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் மாதிரி குடும்பங்களைப் புரிந்துகொள்ளும் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இனி யாரிடமும் வரமாட்டேன் என்கிறார் இவர்.

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் பார்த்த இருவரும் செய்தது ஒரே தவறு. இரண்டு பேருமே உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் தன் உலகத்தின் வழக்கத்தை உங்கள் மேல் வைத்தார். மற்றவர் உங்கள் உலகம் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டார். உங்களைக் காயப்படுத்தியது இரண்டாவதுதான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அதனால் 'நம் ஆளா' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் கேட்கிறாரா என்று பாருங்கள்.

1998-ல் மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பற்றித்தான் எழுதினார்கள். பிறர் பண்பாட்டைப் படித்து முடித்துவிட்டதாக ஒரு மருத்துவர் நினைக்கக் கூடாது, தெரியாது என்ற பணிவோடு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒரே ஊர், ஒரே மொழி என்றாலும் உங்கள் மாமியார் எப்படிப்பட்டவர் என்பது அந்த ஆலோசகருக்கு எப்படித் தெரியும்?

நல்ல குடும்ப ஆலோசகர்கள் பலர் முதல் ஓரிரு சந்திப்புகளில் ஒரு தாளை எடுத்து உங்கள் குடும்பத்தை வரைவார்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், மூன்று தலைமுறை. நெருக்கமானவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு, முட்டிக்கொள்பவர்களுக்கு இடையே வளைந்து நெளிந்த கோடு. வரைந்துகொண்டே கேட்பார்கள்: மாமனார் எப்போது தவறினார்? அப்போது பிள்ளைக்கு என்ன வயது? பண விஷயத்தை யாரிடம் முதலில் பேசுவார்கள்? இப்படிக் கேட்கும்போது, உங்கள் கணவர் எழுந்து போவதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஒருவேளை அவருக்கே முதல்முறையாகத் தெரியவரலாம்.

'தனிக்குடித்தனம்' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குள் எல்லைகள் வேண்டும் என்ற கருத்தைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் குடும்ப சிகிச்சை நிபுணரான சால்வடோர் மினுச்சின். 1974-ல் வந்த தன் நூலில் அவர் எல்லை என்று சொன்னது, ஒரு விஷயத்தில் யார் பங்கெடுப்பது, எப்படிப் பங்கெடுப்பது என்ற விதிகளைத்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அந்த விதிகளைத் தெளிவாக்க முடியும். வேறு வீட்டுக்குப் போயும் அவை குழம்பியே கிடக்கலாம். மாமியார் உங்களோடு இருப்பார், ஆனால் உங்கள் இருவருக்குமான முடிவு உங்கள் இருவரிடமே பேசி முடியும். இதை நோக்கி உழைக்கத் தெரிந்தவர்தான் உங்களுக்குத் தேவை.

அடுத்தவருக்குப் போன் செய்யும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். தம்பதியரோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, எங்கே? தனிநபருக்கு ஆலோசனை சொல்வதும் இருவரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பதும் வேறு வேறு வேலைகள். சில நாடுகளில் இதற்கு உரிமம் உண்டு, சில இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். எனவே படிப்பைக் கேட்பதில் தப்பே இல்லை. பெரியவர்களோடு சேர்ந்து வாழும் குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறாரா? தேவைப்பட்டால் மாமியாரையும் அழைப்பாரா? உங்களில் ஒருவர் தனியாக ஒன்றைச் சொன்னால் அதை மற்றவரிடமிருந்து மறைப்பாரா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம்.

எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழியிலேயே பேச முடிந்தால் நல்லது. கோபத்தை மொழிபெயர்த்துச் சொன்னால் பாதி வடிந்துவிடும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் வெளி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். உறவினரையோ, முக்கியமாகக் குழந்தையையோ அந்த இடத்தில் உட்காரவைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். வீட்டில் யாருக்காவது பயம் இருக்கிறதா? அடி, மிரட்டல், பணத்தைக் கையில் தராமல் வைத்திருப்பது, போனை நோட்டம் பார்ப்பது? இருந்தால் இருவரும் சேர்ந்து உட்காருவது முதல் படி அல்ல. அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க நேரலாம். அதனால்தான் நல்ல ஆலோசகர்கள் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து இதை விசாரிக்கிறார்கள். பண்பாடு என்ற பெயரில் இதை நியாயப்படுத்துபவரிடமிருந்து அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, கணவர். அவர் மறுப்பதில் எனக்கு வியப்பில்லை. தன் அம்மாவைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் அரை மணி நேரத்தில் முடிவு கட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். நீங்கள் மட்டும் ஒருவரிடம் பல மாதம் போய்ப் பேசிவிட்டு, பிறகு அதே ஆளிடம் அவரை அழைத்துப் போகாதீர்கள். இருவர் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்றே அவருக்குத் தோன்றும். தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். முதல் போன் அவரே செய்யட்டும், அந்தக் கேள்விகளை அவரே கேட்கட்டும். மூன்று சந்திப்பு மட்டும் பார்ப்போம், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். முன்பு போன இடங்களில் என்ன நடந்தது, எது இருவரையும் புண்படுத்தியது என்பதைப் புதியவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவரும் படிக்க விரும்பினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவருக்கு இதில் மாற்றுக்கருத்து இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவர் பக்கத்தையும் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்