புதிய ஆசிரியருக்கு ஒரு மென்டர் இருந்தால் கற்பித்தல் முன்னேறுமா?

முன்னேறும், ஆனால் பெயருக்கு ஒருவரை நியமித்துக் கையெழுத்து வாங்கினால் முன்னேறாது. இடைநிலை வகுப்புகளுக்கு வரும் புதியவர்களோடு மூத்த ஆசிரியரைச் சேர்த்துவிடுவதில் பலன் உண்டா, இல்லை இதுவும் ஒரு கோப்பு வேலையா என்று கேட்டிருந்தீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். புதியவர்கள் சிலரின் வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கோப்பாய் கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் படித்து வருபவர்களுக்குக் கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி (வகுப்பில் நின்று படிப்பித்துப் பழகும் காலம்) இருக்கும். நேரடியாக நியமனம் கிடைக்கும் பட்டதாரிகள் பலர் வகுப்பில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார்கள். பாட அறிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் தரத்தில் பாதிப்பேர் அந்த அலகை ரியூசனில் ஏற்கெனவே முடித்திருப்பார்கள், மிச்சப் பேருக்குப் பின்னமே தகராறாக இருக்கும், இரண்டு கூட்டத்தையும் 40 நிமிடத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது?

புதிதாக வந்த ஒரு தம்பி ஒருங்கமை சமன்பாடு (இரண்டு தெரியாக் கணியங்களை இரண்டு சமன்பாடுகளால் காண்பது) படிப்பித்துக்கொண்டிருந்தார். பலகை எழுத்து அச்சு மாதிரி. வரிக்கு வரி திரும்பி "விளங்கினதா?" என்பார், முன்வாங்குகள் "ஓம் சேர்" என்னும். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை, சமன்பாட்டைக் கழிக்கும்போது மறைக் குறியை மாற்றாமல் விட்டு, வந்த விடையை ரப்பரால் அழித்துவிட்டுப் பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினாள். அவளும் "ஓம் சேர்"தான். பாடம் முடிந்த பிறகு, "தம்பி, விளங்கினதா எண்டு கேளாதையும், கடைசி ரெண்டு வரியை எழுதாமல் விட்டிட்டு ஒருக்கா பின்னுக்கு நடந்து வாரும்" என்றேன். அடுத்த முறை அவர் நடந்தார், பல கொப்பிகளில் அதே பிழை. பெயர் சொல்லாமல் அந்தப் பிழையையே பலகையில் போட்டு, எங்கே பிசகியது என்று வகுப்பிடம் கேட்டார். இந்த மாதிரி விஷயம் ஒருநாள் செயலமர்வில் அகப்படாது.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் இங்கர்சோலும் ஸ்மித்தும் 2004இல் எழுதிய ஆய்வில், அதே பாடத்தைச் சேர்ந்த வழிகாட்டி கிடைத்த புதியவர்கள் முதல் வருடத்தோடு வேலையை விட்டுப்போவது குறைவாக இருந்தது. 2018இல் கிராஃப்டும் சகாக்களும் ஆசிரியருக்குத் தனித்தனியாகக் கொடுக்கும் பயிற்றுவிப்பைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்தபோது கற்பித்தலும் மாணவர் பெறுபேறும் உயர்ந்ததைக் கண்டார்கள். ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்கியது. ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை: நல்ல மென்டர்களை ஆயிரக்கணக்கில் எங்கே பிடிப்பது?

இங்கே பெரிய தடை நேரம்தான். மென்டருக்கு ஓய்வுப் பாடவேளை இருந்தாலும், ஒருவர் லீவு எடுத்தால் அந்த வகுப்புக்கு அவரை அனுப்பிவிடுவார்கள். அடுத்தது, பாடசாலை அதிபருக்கு மதிப்பீடு எழுதிக் கொடுக்கிற ஆளே மென்டராகவும் இருப்பது. அவருக்கு முன்னால் எவரும் தான் தடுமாறும் பாடத்தை எடுக்கமாட்டார், நன்றாக ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் எடுப்பார்.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்துச் சிறிய பாடசாலைகளில் நிலைமை இன்னும் மோசம், ஒரு பாடத்துக்கு ஒருவர் இருந்தாலே பெரிய காரியம். பாடசாலைகளுக்குப் போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர் குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவுக்குக் கிழமைக்கு ஒருதரம் போய்வருவாரா? வட்ஸ்அப்பில் பாடக்குறிப்பு அனுப்பி இன்னொரு பாடசாலை ஆசிரியரிடம் கருத்துக் கேட்கலாம், உதவும்தான், ஆனால் கடைசி வாங்குப் பிள்ளையின் கொப்பி அதில் தெரியாது.

சரி, நீங்கள் புதியவர் என்றால் நேரசூசி போடும்போதே பகுதித் தலைவரைப் பிடித்து, உங்கள் பாடத்து மூத்தவருக்கு உங்கள் வகுப்பு நடக்கிற ஒரு பாடவேளையை ஓய்வாக விடச் சொல்லிக் கேளுங்கள். வருடம் தொடங்கிவிட்டால் பிறகு ஒருவரும் நேரசூசியில் கை வைக்க விடமாட்டார்கள்.