இரண்டு கைநாட்டுகள்

அன்புள்ள சேர்,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். வயது இருபத்திரண்டு. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். பத்தனைக் கல்வியியற் கல்லூரிக்கு, ஆசிரியர் பயிற்சிக்கு, தெரிவாகியிருக்கிறேன். போனால் வீட்டுக்கு அனுப்பும் காசு நின்றுவிடும். அப்பா இல்லை. அம்மா கொழுந்தெடுக்கிறார், தம்பி பத்தாம் ஆண்டு. அம்மாவைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். மூன்று மாதமாக இரவில் ஒரு முடிவெடுக்கிறேன், காலையில் மாறிவிடுகிறது. அம்மாவை நினைத்துத்தான் எதையும் செய்யாமல் இருக்கிறேன். தீர்மானம் என்றால் உண்மையில் என்ன? உறுதியானவர்கள் பிறவியிலேயே அப்படியா? நன்மை தீமையை இரண்டு பக்கமாக எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள், உதவுமா? சாத்திரம் பார்க்கலாமா?

கே.

அன்பு மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் அப்பாவின் தகரப்பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்னதுகளை முதலில் முடித்துவிடுகிறேன். சாத்திரம் வேண்டாம், அந்தக் காசுக்குத் தம்பிக்குக் கொப்பி வாங்கிக்கொடுங்கள். இரண்டு பக்கமாக எழுதிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் மூன்று மாதத்தில் அதை மனதுக்குள் நூறு தடவை எழுதியிருப்பீர்கள்.

இரவில் எடுத்தது காலையில் மாறிவிடுகிறது என்கிறீர்கள். மாறாமல் என்ன செய்யும்? அது வெறும் முடிவு. நம் மொழியில் முடிவு என்று ஒரு சொல் இருக்கிறது, துணிவு என்று இன்னொன்று. துணிவு என்றால் இன்று தைரியத்தை மட்டும்தான் நினைக்கிறோம். துணிதல் என்றால் அறுபடுதல், துணித்தல் என்றால் வெட்டுதல். நீங்கள் கடையில் அளந்து கிழித்துக் கொடுக்கிற துணிக்கும் அதுதான் பெயர். அதே சொல்லைத்தான் தீர்மானிப்பதற்கும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் டிசிஷன் என்கிறார்களே, அதன் இலத்தீன் வேரும் வெட்டுதல்தான். வள்ளுவர் 671ஆம் குறளில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது." சூழ்ச்சி என்றால் இங்கே ஆலோசனை. யோசித்ததெல்லாம் வந்து முடிகிற இடம் துணிவு. அது தாமதத்தில் கிடந்தால் கேடு. எத்தனையோ வருடம் இதை வகுப்பில் படிப்பித்தேன். எனக்கு விளங்கியது பெட்டியைத் திறந்த அன்றைக்குத்தான்.

அப்பா கவாத்துக்காரர். மேல்மலைகளில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து வெட்டுவது உங்களுக்குத் தெரியும். வெட்டுகிறவரை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரே வீச்சு. வெட்டு சாய்வாக விழ வேண்டும், தண்ணீர் தங்கக் கூடாது. கை தயங்கினால் கிளை பிளக்கும். பிளந்த இடத்தில் உக்கல் இறங்கும், அப்புறம் அந்தச் செடி மெல்ல மெல்லப் போய்விடும். அப்பா வெட்டிய மலையில் பிளந்த கிளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பார் கங்காணி. அப்படிப்பட்ட கை.

அந்தக் கைக்கு முன்னால்தான் இரண்டு விண்ணப்பப் படிவம் வந்து விழுந்தது, இந்தியப் பிரஜாவுரிமைக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று. 1948இல் மலையகத் தமிழரான நம் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைப் பங்கு போட்டார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மீதியை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பிரித்தவர்களுக்குத் தயக்கமே இருக்கவில்லை. தயக்கமெல்லாம் லயத்துக் காம்பறைகளுக்குள் வந்து சேர்ந்தது. அண்ணன் அங்கே போட, தம்பி இங்கே போட, ஒரே அடுப்பில் சோறு தின்றவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1970 ஏப்ரல் 30. எனக்கு அப்போது ஏழு வயது. பெரியப்பா இந்தியாவுக்குப் போட்டுவிட்டார். "நீயும் வாடா" என்று வாசலில் உட்கார்ந்து அழுதார். அப்பாயியைப் புதைத்தது இந்த மலையில், அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் அப்பா. மறுநாள் வேறு மாதிரிப் பேசினார். இரவில் ஒன்று, காலையில் ஒன்று. ஏப்ரல் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்துப் பெரியப்பா குடும்பம் அட்டனில் கோச்சி ஏறியது. பெட்டிக்குள்ளும் ஒப்பாரி, மேடையிலும் ஒப்பாரி. தலைமன்னார் போய்க் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் திரும்பிப் போனவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அதே கவாத்துக் கத்தியைப் பிடித்தார்.

அப்பா எந்தப் பக்கமும் போடவில்லை. நாங்கள் எந்த நாட்டுக்கும் ஆகாமல் கிடந்தோம். 1984இல் ஆசிரியர் வேலைக்குப் போய் நின்றேன். பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பெறுபேற்றுத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 1988இல் எந்த நாட்டுக்கும் விண்ணப்பிக்காமல் விடுபட்டவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்துச் சட்டம் வந்தது. அதன் பிறகே நான் வாத்தியார் ஆனேன். அந்த நான்கு வருடமும் அப்பாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

பெட்டியில் அந்த இரண்டு படிவமும் இருக்கின்றன. எழுதப்படாத வெற்றுத்தாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இரண்டையும் யாரையோ கொண்டு நிரப்பியிருக்கிறார். இரண்டிலும் இடதுகைப் பெருவிரல் கைநாட்டு. அப்பா முடிவெடுக்காதவர் இல்லை, மகள். இரண்டு முடிவு எடுத்தவர்.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். மலையில் அந்தக் கைக்கு உறுதி போதாமலா இருந்தது? எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். கவாத்து வெட்டுமுன் செடியின் வேரைப் பார்ப்பார்கள். வேர்த்துண்டை நறுக்கி அயடீன் தடவினால் மாப்பொருள் உள்ள வேர் கறுநீலமாக மாறும். இலையெல்லாம் போனபின் செடி புதுத் தளிர் விடுவது வேரில் சேர்த்துவைத்த அந்தச் சத்தைக் கொண்டுதான். சத்துப் போதாவிட்டால் வெட்டக் கூடாது, கொழுந்தெடுக்காமல் ஓயவிட வேண்டும். வெட்டினால் குச்சியாகவே காய்ந்து போகும். இதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். அவருடைய வேரில் என்ன இருந்தது? காணி இல்லை, வாக்கு இல்லை, கையில் காசில்லை. ஒரு பக்கம் தப்பாக வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்க எதுவுமே இல்லாத மனிதர் அவர். "எதையாவது தீர்மானித்திருக்கலாமே" என்று அவரிடம் கத்தியிருக்கிறேன். உறுதி இல்லாதவன் என்று ஒருவனைச் சொல்லுமுன் அவன் இழந்தால் தாங்குவானா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

சரி, உங்களிடம் வருகிறேன். அம்மாவை நினைத்துத்தான் எதையும் செய்யாமல் இருக்கிறேன் என்று எழுதினீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா என்ன கேட்டார்? "உன் இஷ்டம்" என்றார். அதற்குமேல் ஒரு தாய் என்ன கொடுக்க முடியும்? பொழுது விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய், கூடையை முதுகில் சுமந்து, அட்டைக்கடியோடு சரிவில் நின்று உங்களைப் படிக்க வைத்தவர். உங்கள் பயத்தையும் அந்தக் கூடைக்குள் போடுகிறீர்களே. நாளைக்குக் கல்லூரியில் இடம் போனால் "அம்மாவுக்காக விட்டேன்" என்பீர்கள். அம்மா சாகும்வரை அந்தப் பழியைச் சுமப்பார், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். என் அப்பாவும் "குடும்பம் பிரியக் கூடாதென்று பார்த்தேன்" என்றுதான் சொன்னார். குடும்பம் பிரிந்துதான் போனது. பெரியப்பா செத்த செய்தி தந்தியில் வந்தது. கடையிலேயே இருக்கப்போகிறீர்களா, இருங்கள், அதிலும் மானக்கேடு ஒன்றுமில்லை. ஆனால் நான்தான் விட்டேன் என்று உங்கள் பெயரில் விடுங்கள். அம்மாவின் பெயரை இழுக்காதீர்கள். தம்பியின் பெயரையும்தான்.

உங்கள் வேரில் சத்து இருக்கிறது. உயர்தரம் சித்தி, அடையாள அட்டை, தெரிவுக் கடிதம், வேலைசெய்து பழகிய கை. விடுதியில் இரண்டு வருடம், பாடசாலையில் பயிற்சி ஒரு வருடம், மொத்தம் மூன்றே வருடம். கஷ்டம் வரும். தம்பியின் செலவைப் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், சும்மா "என்ன செய்யட்டும்" என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். எதை வெட்டினாலும் சில மாதம் மொட்டையாகத்தான் நிற்கும். அந்த மாதங்களில் தப்பாக வெட்டிவிட்டோமோ என்று தோன்றும், எல்லாருக்கும் தோன்றும்.

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ எழுதிய கடிதத்தைப் பதிவுத்தபாலில் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டு கையில் இருக்கும்போது எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் எழுத வேண்டாம்.

அன்புடன்.