மகள் கிளாரினெட்தான் படிப்பேன் என்கிறாள்: ஓர் அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குப் பதினைந்து வயது. ஒன்பது வயதிலிருந்து கிளாரினெட் வாசிக்கிறாள். கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண். இப்போது, "இசைதான் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். "இதை வைத்துப் பிழைக்க முடியுமா, முடியாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். அவள் ஆயுள் முழுக்க என்ன செய்வாள் என்று இன்றைக்கே தீர்மானிக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு வருடம் எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானித்தால் போதும். அந்த இரண்டு வருடத்தைச் சரியாகக் கழித்தால், உங்கள் கேள்விக்கான பதில் அவள் வாசிப்பிலேயே கேட்க ஆரம்பித்துவிடும்.

உங்கள் பயம் நியாயமானது. அதை மழுப்ப மாட்டேன். ஒரு முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பவர்கள் மட்டும் முப்பது பேர் வரை இருப்பார்கள். கிளாரினெட்டுக்கு மூன்று அல்லது நான்கு நாற்காலிதான். அதில் உட்கார்ந்தவர் இருபது முப்பது வருடம் எழுந்திருக்க மாட்டார். கல்லூரிகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில், பிலடெல்பியாவில் உள்ள கர்டிஸ் இன்ஸ்டிடியூட் என்ற இசைக் கல்லூரியில் 1928 முதல் சேரும் எல்லோருக்கும் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் அங்கே ஓர் ஆர்கெஸ்ட்ராவை நிரப்பத் தேவையான அளவுக்குத்தான் மாணவர்களை எடுப்பார்கள். படித்துக்கொண்டிருக்கும் கிளாரினெட் மாணவர் வெளியேறினால்தான் அடுத்தவருக்கு இடம். எவ்வளவு நன்றாக வாசித்தாலும், அந்த வருடம் காலியிடம் இல்லையென்றால் இல்லைதான். மறுக்கப்பட்ட பிள்ளை, "எனக்குத் திறமை இல்லை" என்று சுருண்டுவிடாமல் இருக்க, இந்தக் கணக்கை அவளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் பரிசுகளின் பட்டியலை அனுப்பியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நான் பரிசுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேகமாக வாசித்தால் எந்த அரங்கமும் கைதட்டும். நான் பார்ப்பது, யாரும் கேட்காத நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். உங்கள் மகள் வயதுதான். "உனக்குப் பிடித்ததை வாசிக்க வேண்டாம், உனக்கு வராததை வாசி" என்றேன். சட்டென்று சிரித்துவிட்டு, பெட்டியிலிருந்து நான்கு ரீடை, அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் பட்டைகளை, எடுத்தான். ஒவ்வொன்றாக வாயில் வைத்து நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டைத் திரும்ப வைத்துவிட்டான். மூன்றாவதை, வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் கட்டி, ஒரே சுரத்தை நீட்டினான். இல்லாத இடத்திலிருந்து எழும்பி, வளர்ந்து, மறுபடியும் இல்லாமல் கரைகிற மாதிரி. அதற்கே அரை நிமிடம் போனது. அப்புறம் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாண்டும் இடத்துக்கு வந்தான். கிளாரினெட் வாசிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் அழவைக்கும் இடம் அது. ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போக, விரல்கள் அத்தனையும் ஒரே கணத்தில் இறங்கி மூட வேண்டும். ஒரு விரல் மயிரிழை பிந்தினாலும் வாத்தியம் கீச்சிடும். அவனுக்குக் கீச்சிட்டது. வேகத்தைக் குறைத்தான், மறுபடி கீச்சிட்டது. இன்னும் குறைத்தான். அந்த நான்கு சுரங்களைப் பதினொரு முறை வாசித்தான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே காத்திருந்த அவன் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "பாட்டு மறந்துவிட்டதா?" என்று கவலையோடு கேட்டார். மறக்கவில்லை அம்மா, இதுதான் அவன் வேலை என்றேன்.

உங்கள் மகளின் அறையிலிருந்து வரும் சத்தத்தை ஒரு வாரம் கவனியுங்கள். முழுப் பாடலும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அழகாக, திரும்பத் திரும்பக் கேட்கிறதா? அப்படியென்றால் அவள் இசையை ரசிக்கிறாள். அது நல்ல விஷயம்தான், ஆனால் அது மட்டும் போதாது. நீண்ட சுரங்களும், ஸ்கேல்களும், ஒரே இடம் மெதுவாகப் பத்துத் தடவையும் கேட்டால், உங்களுக்கு எரிச்சலாகவும் இருந்தால், அவள் சாதகம் செய்கிறாள். சாதகத்தில் சலிக்காத பிள்ளையை நான் தைரியமாக இந்த வழியில் அனுப்புவேன். எத்தனை மணி நேரம் வாசிக்கிறாள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரேயடியாக வாசிக்காமல், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றி இசை ஆசிரியர்களே அதிகம் பேசுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கிளாரினெட்டின் முக்கால் கிலோ எடையை வலது கட்டைவிரல் ஒன்றே தாங்குகிறது. வளரும் வயதில் அந்த விரலோ மணிக்கட்டோ வலித்தால், "பழகிவிடும்" என்று விடாதீர்கள். கழுத்துப் பட்டை போட்டு வாசிப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. பல் வரிசைக்குக் கம்பி போட வேண்டியிருந்தால், ஆடிஷன், அதாவது சேர்வதற்காக வாசித்துக் காட்டும் தேர்வு, வரும் வருடத்தில் போடாதபடி பல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கம்பி போட்டாலும் கழற்றினாலும் வாயின் பிடிப்பு மாறும், பழைய ஒலி திரும்ப வாரங்கள் ஆகலாம். ஆர்கெஸ்ட்ராவில் கிளாரினெட்காரர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் டிரம்பெட்டும் மற்ற பித்தளை வாத்தியங்களும்தான் இருக்கும். காது அடைப்பான் பழக்கம் இந்த வயதிலேயே வரட்டும்.

அடுத்து, நேர்மையான ஒரு காது வேண்டும். அவளுடைய ஆசிரியர் நல்லவராக இருக்கலாம், ஆனால் ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் அவர். பாசம் குறுக்கே நிற்கும். ஆர்கெஸ்ட்ராவிலோ தேர்ந்த இசைக்குழுவிலோ வேலையாக வாசிக்கும் ஒருவரிடம், அவளை முன்பின் தெரியாதவரிடம், ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டச் செய்யுங்கள். "என் மகள் வருவாளா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "இவளோடு இந்த வருடம் கல்லூரி ஆடிஷனுக்குப் போகும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், இவள் எங்கே இருக்கிறாள், நடுவில் இருப்பது என்ன?" என்று கேளுங்கள். சுருதி சுத்தம், தாளம், ஒலி, பார்த்தவுடன் வாசிக்கும் திறன் என்று அவர் பிரித்துச் சொல்வார். எழுதி வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து அவரிடமே மறுபடி போங்கள். குறைகள் எத்தனை என்பதைவிட, ஆறு மாதத்தில் அவை எவ்வளவு நகர்ந்தன என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆடிஷனில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால், வீட்டில் நடக்கும் சண்டை பாதி குறையும். மோட்சார்ட் 1791-ல், இறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, ஆன்டன் ஸ்டாட்லர் என்ற நண்பருக்காக எழுதி முடித்த கிளாரினெட் கான்செர்டோ, அதாவது ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். எளிமையாகக் கேட்கும், ஆனால் ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. வேலைக்கான ஆடிஷன் என்றால், ஆர்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்து சிறு சிறு பகுதிகள். பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி, மெண்டெல்சோனின் ஸ்கெர்ட்சோ என்ற வேகமான, துள்ளலான பகுதி போன்றவை. பல ஆர்கெஸ்ட்ராக்களில் முதல் சுற்று திரைக்குப் பின்னால் நடக்கும். வருவது ஆணா பெண்ணா என்று காலடிச் சத்தத்தில்கூடத் தெரியக் கூடாது என்று தரையில் கம்பளம் விரிக்கும் இடங்களும் உண்டு. இரண்டு நிமிட வாசிப்பில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் அந்தப் பதினொரு தடவை.

வாத்தியம் மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் மவுத்பீஸை மாற்றிப் பாருங்கள், ஒலியில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வரும். மர வாத்தியம் வாங்கினால், புதுசாக இருக்கும் முதல் சில வாரங்கள் தினமும் கொஞ்ச நேரம்தான் வாசிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் உள்ளே துடைக்க வேண்டும். இல்லையென்றால் மரம் வெடிக்கும். ஆர்கெஸ்ட்ரா பக்கம் போவது உறுதியானால் பி-ஃப்ளாட், ஏ என்று வேறு வேறு சுருதியில் இரண்டு கிளாரினெட் தேவைப்படும். மோட்சார்ட்டின் அந்தக் கான்செர்டோவே ஏ கிளாரினெட்டில் வாசிப்பதுதான். இரண்டாவதை இன்றே வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. "ஆர்கெஸ்ட்ரா கிடைக்காவிட்டால் எல்லாம் வீண்தானே?" என்று எழுதியிருக்கிறீர்கள். கிளாரினெட்டின் உலகம் அவ்வளவு குறுகியதில்லை அம்மா. ராணுவ, காவல்துறை பேண்டுகளில் கிளாரினெட்தான் பெரிய பிரிவு, ஆர்கெஸ்ட்ராவில் வயலின் மாதிரி. நாடக இசைக்குழுக்களில் கிளாரினெட்டோடு சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசிப்பவருக்குத்தான் முதல் அழைப்பு. கிளாரினெட் தெரிந்த பிள்ளைக்கு சாக்ஸபோன் எட்டாத தூரம் இல்லை. இந்த வருடமே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாஸில் பென்னி குட்மன் என்ற கிளாரினெட் கலைஞர் இருந்தார், அவருக்காக இசையமைப்பாளர் பார்டோக் 1938-ல் 'கான்ட்ராஸ்ட்ஸ்' என்ற படைப்பை எழுதினார். கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் கிளாரினெட்டைத் தனி வாத்தியமாக உட்காரவைத்த ஏ.கே.சி. நடராஜன் 2008-ல் சங்கீத கலாநிதி பெற்றார். இதெல்லாம் போக, கற்பித்தல் இருக்கிறது. வாசிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு மாதாமாதம் நிலையாக வருவது அதிலிருந்துதான். அதைத் தோற்றவர்களின் வேலை என்று மகளிடம் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். வாத்தியம் பழுது பார்ப்பது, ஒலிப்பதிவு, இசை சிகிச்சை என்று வேறு கதவுகளும் உண்டு. அதற்கெல்லாம் தனிப் படிப்பு தேவைப்படும்.

ஒரு கதவு மூடினால் என்ன ஆகும் என்று பயப்படும் உங்களுக்கு ஸபினே மேயர் என்ற ஜெர்மானியக் கிளாரினெட் கலைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் அவரை எடுக்க வேண்டும் என்று நடத்துநர் காராயனே நின்றார். 1982-ல் ஆர்கெஸ்ட்ரா உறுப்பினர்கள் வாக்களித்தபோது எதிராக 73, ஆதரவாக 4. அப்படியும் கொஞ்ச காலம் அங்கே வாசித்துவிட்டு, நிரந்தரமாகாமலேயே விலகினார். அதன்பிறகு தனிக் கலைஞராக உலகம் முழுக்க வாசித்தார், பேராசிரியராக ஒரு தலைமுறை கிளாரினெட் கலைஞர்களை உருவாக்கினார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மூடிய கதவு அவருடைய வாசிப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

படிப்பைப் பற்றி மகளிடம் நானே பேசத் தயார். கணக்கும் அறிவியலும் விடக் கூடாது. "தோற்றால் திரும்பி வர" என்று சொல்லிப் படிக்க வைக்காதீர்கள், அவள் காதில் அது "நீ தோற்பாய்" என்றுதான் விழும். ஒலியியலும் கணக்கும் தெரிந்த இசைக்காரருக்கு வேலை கூடுதல் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பல்கலைக்கழகங்களில் இசையோடு இன்னொரு பாடத்தைச் சேர்த்துப் படிக்கும் இரட்டைப் பட்டமும் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் விண்ணப்பத் தேதியையும், பதிவு செய்து அனுப்ப வேண்டிய பாடல்களையும் அவளே ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் எழுதித் தர வேண்டாம். அந்த நோட்டை யார் நிரப்புகிறார்கள் என்பதும் எனக்கு ஒரு செய்தி.

வயது தாண்டிவிடுமோ என்ற பதற்றமும் வேண்டாம். ரிச்சர்ட் முல்ஃபெல்ட் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரராக இருந்தவர், அங்கிருந்துதான் கிளாரினெட்டுக்கு மாறினார். இசை எழுதுவதை நிறுத்திவிட நினைத்திருந்த இசையமைப்பாளர் பிராம்ஸ், அவர் வாசிப்பைக் கேட்டு 1891-ல் மறுபடி பேனாவை எடுத்தார். குட்மன் நாற்பது வயதில், உலகமே அவரை அறிந்த பிறகு, ஒரு ஆசிரியரிடம் மாணவராக உட்கார்ந்து வாய்ப்பிடிப்பையே மாற்றிக்கொண்டார்.

இந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவள் அறையில் போய் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். மோட்சார்ட் கான்செர்டோவின் மெதுவான இரண்டாம் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள், முழுதாகக் கேளுங்கள். அடுத்த மாதம் இரண்டு பேரும் என்னைப் பார்க்க வாருங்கள். கிளாரினெட்டையும், அந்த நோட்டையும், அவளுக்கு வராத ஒரு பக்கத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.