பிறந்தநாள் விழாவுக்கு எந்த லென்ஸ், எந்த ஃபிளாஷ்? – கேள்வி பதில்

குழந்தையின் பிறந்தநாள் நெருங்குகிறது, கையில் கேமராவும் இருக்கிறது, படம் மட்டும் நினைத்த மாதிரி வரமாட்டேன் என்கிறது. இதைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்தக் கம்பெனி கேமரா உசத்தி என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. மாடல் பெயர் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என்னிடம் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ் இருக்கிறது. அடுத்த மாதம் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். 50 எம்எம் எஃப் 1.8 வாங்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கிவிடவா? (கோவையிலிருந்து ஓர் அப்பா)

பதில்: விழா எங்கே என்று சொல்லவில்லையே! வீட்டு ஹாலில்தான் என்றால் முதலில் டேப் எடுத்து ஹாலை அளந்து பாருங்கள். உங்கள் கேமராவின் சென்சார் (படம் பதியும் சில்லு) முழு ஃபிரேமைவிட, அதாவது பழைய ஃபிலிம் அளவைவிடச் சின்னது. அதில் 50 எம்எம் போட்டால் முழு ஃபிரேமில் 80 எம்எம் போட்ட அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். பத்தடி தள்ளி நின்றாலும் ஃபிரேமில் அடங்கும் அகலம் சுமார் நாலரை அடிதான். அப்பா, அம்மா, இடுப்பில் குழந்தை, அவ்வளவுதான் கொள்ளும். தாத்தா பாட்டி வந்து நின்றால் நீங்கள் பின்னால் நகர வேண்டும், பின்னால் சுவர் இருக்கும். அதே பத்தடியில் உங்கள் கிட் லென்ஸ், அதாவது கேமராவோடு வந்த 18-55, 18இல் பன்னிரண்டு அடிக்கு மேல் அகலம் பிடிக்கும்.

50 எம்எம்மின் பலம் வேறு. கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). எஃப் 1.8இல் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதனால் காலையில் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டதும் ஜன்னலோரம் உட்கார வைத்து எடுக்கும் படத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. மெழுகுவர்த்திப் படத்துக்கும் அது வேண்டும். ஆனால் கேக் வெட்டுவது, ஊட்டிவிடுவது, வந்தவர்கள் வரிசையாக நின்று பரிசு கொடுப்பது, இதெல்லாம் அந்த லென்ஸின் வேலை இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஃபிளாஷுக்கு. தலை நிமிர்ந்து திரும்பும் ஃபிளாஷ் ஒன்று, கூட உங்கள் கிட் லென்ஸ், இந்த ஜோடி டியூப்லைட்டுக்கு அடியில் 50 எம்எம்மைத் தோற்கடித்துவிடும். அப்புறமும் காசு மிச்சமிருந்தால், சின்ன சென்சார் கேமராக்காரர்கள் 50ஐவிட 24 அல்லது 35 எம்எம்மைப் பாருங்கள். கேனானில் 24 எம்எம் எஃப் 2.8 தட்டையாக, சட்டைப்பையில் போடுகிற அளவுக்கு இருக்கும். நிக்கானில் 35 எம்எம் எஃப் 1.8 நல்ல லென்ஸ்.

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் முகம் வெள்ளையடித்த மாதிரி, நெற்றியில் எண்ணெய் வழிகிற மாதிரி வருகிறது. பின்னால் நிற்பவர்கள் இருட்டில் போய்விடுகிறார்கள். அதற்குப் பயந்தே ஃபிளாஷை அணைத்துவிட்டேன். (திருச்சியிலிருந்து ஓர் அத்தை)

பதில்: கேமராவின் தலையில் திறக்கும் குட்டி ஃபிளாஷைச் சொல்கிறீர்கள். அதன் குணமே அதுதான். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். கேக் முன்னால் குழந்தை நான்கடியில், மாமா பன்னிரண்டு அடியில் என்றால், தூரம் மூன்று மடங்கு, மாமாவுக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. குழந்தைக்குச் சரியாக வைத்தால் மாமா இருட்டு, மாமாவுக்கு வைத்தால் குழந்தை வெளுப்பு.

இதற்குத்தான் பவுன்ஸ். தனி ஃபிளாஷின் தலையை மேலே திருப்பிச் சீலிங்கில் அடியுங்கள். வெள்ளைச் சீலிங்கில் அகலமாகப் பட்டு வெளிச்சம் கீழே இறங்கும். முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சீலிங் ஏறத்தாழ ஒரே தூரம் என்பதால் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். நெற்றி மினுமினுப்பும் போகும், சிவப்புக் கண்ணும் வராது.

பலர் நேர் செங்குத்தாக அடித்துவிட்டு, கண்குழி கறுத்துப்போகிறது என்கிறார்கள். தலையைக் கொஞ்சம் பின்பக்கமாக, உங்கள் தோளுக்கு மேலே சாய்த்து, ஒரு பக்கமாகவும் திருப்புங்கள். பின்னாலும் பக்கத்திலும் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணுக்குள் போகும். தொடங்கிப் பார்க்க ஒரு செட்டிங்: மேனுவல் மோடு, எஃப் 4, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 800, ஃபிளாஷ் மட்டும் டிடிஎல் (எவ்வளவு மின்னவேண்டும் என்று கேமராவே அளந்து முடிவு செய்யும் முறை). ஐஎஸ்ஓவை 100இல் வைத்துவிட்டு ஃபிளாஷ் பத்தவில்லை என்று திட்டாதீர்கள். சீலிங்குக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வெளிச்சத்தில் பெரும்பகுதி செலவாகிவிடும்.

வில்லன் யார் தெரியுமா? பெயின்ட். கிளிப்பச்சைச் சுவரில் பவுன்ஸ் செய்தால் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்த தோற்றம்தான். மரப்பலகை ஃபால்ஸ் சீலிங் வெளிச்சத்தைத் தின்றுவிடும். முந்தின நாள் இரவே கேக் வைக்கப்போகும் இடத்தில் நாற்காலி போட்டு, அதில் ஒரு தலையணையைச் சாய்த்து, எந்தப் பக்கம் அடித்தால் நிறம் ஏறாமல் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரம் எந்தச் சுவரில் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம், வீட்டில் விட்டால்.

கேள்வி: அக்கா, ஃபிளாஷ் எது வாங்குவது? அப்பா ஃபிலிம் காலத்தில் வைத்திருந்த ஃபிளாஷ் ஒன்று பரணில் கிடக்கிறது, அதையே மாட்டலாமா?

பதில்: பரணில் இருப்பது பரணிலேயே இருக்கட்டும். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில் கேமராவோடு சேரும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும். டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் அதில் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

புதிதாக வாங்கும்போது, கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மாடல்களில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் இருக்கவேண்டிய பெரிய பின்னைக் கேனான் எடுத்துவிட்டது. அந்த நடுப்பின்னை மட்டுமே நம்பி வேலை செய்யும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்கள் இவற்றில் மின்னாது. கோவை அப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேனானுக்கென்றே வரும் டிடிஎல் ஃபிளாஷாக, உங்கள் மாடலில் வேலை செய்யுமா என்று கேட்டு, கடையிலேயே மாட்டி ஒருமுறை அடித்துப் பார்த்து வாங்குங்கள். மற்ற கேமராக்காரர்களுக்கும் டிடிஎல்தான் நல்லது. குழந்தை முன்னும் பின்னும் ஓடும், ஒவ்வொரு படத்துக்கும் பவரைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. கோடாக்ஸ் டிடி685 வகையறா போதும். தலை மேலே மட்டுமின்றிப் பக்கத்திலும் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லைட்டை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது எடுக்கும் படம் ஒன்றும் தேறுவதில்லை.

பதில்: அந்த நேரத்தில் மட்டும் ஃபிளாஷ் கூடாது. மின்னியதும் மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளி அடிபட்டுப்போகும். 50 எம்எம்மை மாட்ட வேண்டிய நேரம் இதுதான். எஃப் 2, 1/60, ஐஎஸ்ஓ 1600இல் தொடங்குங்கள். குழந்தை துள்ளுகிறது என்றால் 1/125, ஐஎஸ்ஓ 3200. படம் கொஞ்சம் பொரிப்பொரியாக வந்தால் வரட்டும், ஆடிப்போன படத்தைவிட அது மேல். முதல் பிறந்தநாளில் ஒரே ஒரு மெழுகுவர்த்திதானே, எல்லா லைட்டையும் அணைக்க விடாதீர்கள். சமையலறை லைட் எரியட்டும், முகம் தெரிய அது உதவும். நிறத்தை வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள், மஞ்சளாக இருப்பதுதான் அழகு.

ஃபோகஸ் கண்ணில் இருக்கவேண்டும். ஐந்தடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். மெழுகுவர்த்தியில் ஃபோகஸ் விழுந்தால் முகம் கலங்கிவிடும். தொடர்ச்சியாக அடிக்கும் மோடில் வைத்து, 'ஹேப்பி பர்த்டே' பாட்டு முடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள், ஏனென்றால் ஊதப்போவது உங்கள் குழந்தை இல்லை, பக்கத்தில் நிற்கும் பெரியப்பா பையன். ஊதி முடித்து லைட் வந்ததும் ஃபிளாஷை உயிர்ப்பியுங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்நோ ஸ்ப்ரே அடிப்பவர்களை மெழுகுவர்த்தி அணையும்வரை தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அந்த டப்பாக்கள் பலவற்றில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது. லென்ஸுக்கு வருவது பிறகு, முதலில் குழந்தையின் முடி.

கேள்வி: ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. கேமரா போச்சா?

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடியும் டியூப்லைட்டும் வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) கேமரா என்றால் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் சாயங்காலம் விழா. சீலிங்கே இல்லையே, பவுன்ஸுக்கு எங்கே போக? (மதுரையிலிருந்து ஒரு தாய்மாமா)

பதில்: மாமா, நல்ல கேள்வி. வெள்ளைக்கு ஒரு பஞ்சமும் இல்லை. துணி காயப்போடும் கொடியில் வெள்ளை இரட்டை வேட்டி ஒன்றை விரித்துத் தொங்கவிட்டு, அதற்குப் பக்கத்தில் கேக் மேசையைப் போடுங்கள். நீங்கள் வேட்டியிலிருந்து மூன்று, நான்கடியில் நின்று, ஃபிளாஷின் தலையை அதன் மேல் திருப்பி அடித்தால் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த மாதிரி வரும். மாடிப்படி அறையின் சுவர் வெள்ளை என்றால் அதுவே போதும். ஷாமியானா போட்டிருந்து அதன் உள்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அதில் மட்டும் அடிக்காதீர்கள்.

நடமாடி எடுக்கும்போது நேராக அடிப்பதைத் தவிர வழியில்லை. அப்போது ஃபிளாஷ் காம்பன்சேஷனை (ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் 1க்குக் குறைத்து, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60 வையுங்கள். சீரியல் லைட்டும் மங்கும் வானமும் பின்னால் பதியும், ஃபிளாஷ் முகத்தை நிறுத்திப் பிடிக்கும். ஃபிளாஷ் மேல் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி வெட்டவெளியில் வீண். சுற்றிச் சுவர் இருந்தால்தான் அதற்கு வேலை, இங்கே அது பேட்டரியைத்தான் குடிக்கும்.

கேள்வி: அம்மாடி, பேத்திக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. இப்படி ஃபிளாஷ் அடித்தால் கண்ணுக்கு ஆகாது என்று வீட்டில் சண்டை. நீயே சொல்லு. (தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி)

பதில்: ஆரோக்கியமான கண்ணைச் சாதாரண கேமரா ஃபிளாஷ் கெடுத்ததாகச் சான்று இல்லை, பாட்டி. ஆனாலும் முகத்துக்கு நேரே கிட்டத்தில் அடித்தால் பிள்ளை மிரண்டு அழும், அது தேவையில்லை. சீலிங்கில் அடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்த படத்தில் இரண்டு கண்ணும் சிவப்பாக வருவது சகஜம். ஒரு கண் சிவப்பாகவும் இன்னொரு கண்ணின் பாப்பா வெள்ளையாகவும் தெரிந்தால் அது கேமரா கோணத்தால் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய்க்கு அது ஓர் அறிகுறி. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருவது, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடியது.

கேள்வி: நிக்கான் டி3500க்குப் பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தது. ஃபோகஸே ஆகவில்லை.

பதில்: லென்ஸ் பழுதில்லை. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, உங்கள் கேமராவுக்குள்ளும் கிடையாது. கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும், ஓடும் குழந்தைக்கு அது சரிப்படாது. திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று உள்ளதாகப் பாருங்கள்.

கேள்வி: பார்ட்டி ஹாலில் விழா. ஒரு நாளைக்கு 70-200 ஜூம் லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: ஹால் பெரிதாக இருந்தாலும் பிள்ளைகள் உங்கள் காலைச் சுற்றித்தான் ஓடுவார்கள். அதே வாடகைக்கு 17-50 எஃப் 2.8 கிடைக்கிறதா என்று கேளுங்கள். முழு ஃபிரேம் கேமரா என்றால் 24-70. அலங்காரத்துக்குப் பளபளக்கும் ஃபாயில் திரை தொங்கினால் குழந்தையை அதிலிருந்து நாலைந்தடி முன்னால் நிறுத்துங்கள், நீங்களும் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். நேரே நின்று நேரே அடித்தால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிதான். ஃபோகஸைத் தொடர் மோடில் வையுங்கள், கேனானில் ஏஐ சர்வோ, மற்றதில் ஏஎஃப்-சி. அப்புறம் முட்டி போட்டு எடுங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைகள்தான் கிடைக்கும்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: 1எக்ஸ் கேமராவிலேயே எடுங்கள், 0.5எக்ஸ் வீட்டுக்குள் மங்கல். நைட் மோடு பல படங்களை ஒட்டிச் செய்வது, அசையும் குழந்தைக்கு ஆகாது. போனின் ஃபிளாஷை மறந்துவிட்டு, கேக்கை ஜன்னலோரம் வைத்துப் பகலிலேயே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: ஃபிளாஷுக்கு எந்த செல் போடுவது, அக்கா? பாதி விழாவில் நின்றுவிடுகிறது.

பதில்: கடையில் வாங்கும் சாதா செல் வேண்டாம். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு டபுள் ஏ செல், எனலூப் போன்றவை, எட்டு வாங்குங்கள். நான்கு உள்ளே, நான்கு பையில். ஒவ்வொரு மின்னலுக்குப் பிறகும் இவை சீக்கிரம் தயாராகும். பாதி தீர்ந்த செல்லோடு புதுச் செல்லைக் கலக்காதீர்கள். முந்தின நாள் இரவே சார்ஜரில் போட்டுவிடுங்கள், காலையில் பலூன் ஊதுகிற அவசரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.