விஜிஏ மட்டுமே உள்ள பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ மானிட்டரில் இணைக்க வெறும் கேபிள் ஏன் போதாது?

விஜிஏ என்பது லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் நீல நிற, 15 துளை இணைப்பு. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே அது அனுப்பும். எச்டிஎம்ஐ மானிட்டருக்கோ படம் 0, 1 என்ற எண்களாக வர வேண்டும். கேசட் பாட்டை பென்டிரைவில் ஏற்ற ஒரு வயர் மட்டும் போதுமா? நடுவில் அதை எண்களாக மாற்ற ஒரு கருவி வேண்டுமே, அதே கதைதான்.

ஆகவே இருபுறமும் பிளக் மட்டும் உள்ள மலிவான கேபிளை வாங்காதீர்கள். திரை கறுப்பாகவே இருக்கும். உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். அதில் தொங்கும் யுஎஸ்பி வால் அந்தச் சிப்புக்கு மின்சாரம் தர. விஜிஏ-வில் ஒலி போகாது என்பதால் பெரும்பாலும் ஆடியோ வயரும் கூடவே இருக்கும். மாட்டியதும் விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். 1080பி வரை வரும். எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், அலுவலக வேலைக்குத் தாராளம்.

அப்புறம், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டரைத் திருப்பி மாட்டினால் இதற்கும் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள்; உதவாது, அது ஒருவழிப் பாதை.